சூடேற்றி

பட்டணங்காத்தான் விலக்கில் பழைய இரும்புக் கடை.
செய்யது அபுதாகிர் அண்ணன் சிரித்தார்:
"கார் ஹீட்டரா? இந்த ஊரிலா?
கோழிக்குக் கம்பளி மாதிரி, தங்கச்சி.
எல்லா வண்டியிலும் இருக்கும்,
எவனும் திருகியிருக்க மாட்டான்."

உண்மைதான்.
மூன்று வண்டிகளில் குமிழ்
நீலத்தின் கோடியிலேயே துருவேறி நின்றது.
நான்காவது ஊட்டி வண்டி, பதிவெண் நாற்பத்து மூன்று.
டேஷ்போர்டுக்குள் தோள்வரை கைவிட்டு
ஏதோ பிரசவம் பார்ப்பவர் போல இழுத்தெடுத்தார்.
ஒரு செங்கல் நீளம், அதில் பாதிக் கனம்,
செம்புக் குழாய்களுக்கிடையே
மீன் செவுள் மாதிரித் தகடுகள்.

வீட்டில் கழுவக் கழுவ
காவி நிறத்தில் வெளியே வந்தன
யாரோ விரல் விறைத்து ஓட்டிய காலைகள்.
ஐந்தாவது வாளியில்தான் தெளிந்தது.

கீழக்கரையில், மாடியில், தகரக் கூரைக்குக் கீழே
கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறேன்.
சித்திரையில் தொண்ணூற்றாறு டிகிரி தொட்டால்
கணினி தானே கண்ணை மூடிக்கொள்ளும்.
சபூராவின் நிக்காஹ்
மூன்று முறையும் அறுபத்து மூன்று சதவீதத்தில் செத்தது:
மாலையோடு படியேறும் மாப்பிள்ளை
கடைசிப் படிக்குக் காலைத் தூக்கியபடி.
வெள்ளிக்கிழமை அவருக்கு புருனே விமானம்.

தபாலில் வந்த அலுமினியக் கட்டியை
போட் மெக்கானிக் சவேரியான் திருப்பிப் பார்த்துவிட்டு
தூக்கி மூலையில் போட்டார்.
"செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணியில குடியிருந்தா
ஒண்ணு மத்ததைத் தின்னும்மா.
போட்டுக்கு அடியில துத்தநாகம் எதுக்கு வெச்சிருக்கோம்?
அதைத் தின்னட்டும்னுதான்."
செம்புத் துண்டொன்றைக் குடைந்து தந்தார்.
டீசல் குழாயும் கிளிப்பும் அவருடையவை.
மோட்டார், வண்ணமீன் கடையிலிருந்து.
தண்ணீர்தான் யோசனை:
காவிரிக் குழாய்த் தண்ணீர் வேண்டாம்,
கிணற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம்.
பேட்டரித் தண்ணீர் இரண்டு கேன்.

இரவு பதினொன்றுக்குச் சுவிட்சைப் போட்டேன்.
ஒரு சொட்டு.
கிளிப்பை அரைத் திருகு இறுக்கினேன்.
பிறகு, சுவருக்கு அந்தப் பக்கம்
யாரோ நிதானமாக ஒளுச் செய்வது போல ஒரு சத்தம்.
எழுபத்தொன்று. அறுபத்தெட்டு. அங்கேயே நின்றது.

ஆனால் அந்தச் சூடு எங்கே போகும்?
என் முழங்காலுக்கு வந்தது.
வலிமாவுக்கு வந்த கூட்டம் முழுக்க,
பிரியாணிச் சட்டி, சரிகை, டிரோன் காட்டிய கடல்,
ஒவ்வொரு ஃபிரேமும்
அனல் காற்றாய் என் கால்களில் அடித்தது.
எழுந்து அதை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தேன்.
சோழகம் வாங்கிக்கொண்டது.
அறைக் காற்று முப்பத்து நான்கு;
அதற்குக் கீழே இறங்க
எந்த ஹீட்டருக்கும் வழி தெரியாது.

மூன்று நாற்பதுக்கு அறுபத்து மூன்று சதவீதம்.
வாயைப் பொத்திக்கொண்டேன்.
மாப்பிள்ளை
காலைப் படியில் வைத்தார்.

காலையில் பென் டிரைவைக் கொடுத்தேன்.
மதியமே மரியம் லாத்தா, மாப்பிள்ளையின் தாய், போனில்:
"புள்ளை முகம் கறுப்பா விழுந்திருக்கே,
கொஞ்சம் வெளுக்கக் கூடாதா?"
மறுபடியும் பன்னிரண்டு மணி நேரம்.

வாரத்துக்கொரு முறை
பெயிண்ட் பிரஷால் செவுள்களைத் தட்டுகிறேன்.
உப்புக் காற்றில் ஓரங்கள் பச்சை கட்டத் தொடங்கிவிட்டன.
இன்னும் எத்தனை கல்யாணம் தாங்குமோ.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள்
நனைந்து வந்தேன்.
உள்ளே ஏர்வாடிக் கல்யாணமொன்று ஓடிக்கொண்டிருந்தது.
துப்பட்டியைப் பிழிந்து
நாற்காலியில் விரித்து
அந்தச் செங்கல்லின் முன்னால் நகர்த்தி வைத்தேன்.
நிலைக்குழுப் பாட்டு முடிவதற்குள் காய்ந்துவிட்டது.

அபுதாகிர் அண்ணனிடம் சொல்ல வேண்டும்.
சொன்னால்
விலையை ஏற்றிவிடுவார்.